சேதாரம் சொல்லும் செயற்கூறு

ஐகான்வ் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு குறியேற்றத்தில் இருக்கும் உரையை வாங்கி, இன்னொரு குறியேற்றத்தில் எழுதித் தரும். எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தில் முதலில் தோன்றி, எக்ஸ்பிஜி4 தரத்தில் இடம்பிடித்து, இன்று போசிக்ஸ் தரத்தின் பகுதியாக லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கிறது. சி மொழியில் நிரல் எழுதுபவருக்கு அது மூன்றே செயற்கூறுகள் கொண்ட சின்னக் குடும்பம். திறக்க ஒன்று, மாற்ற ஒன்று, மூட ஒன்று. விளக்கக் குறிப்பு முழுவதும் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்கவில்லை.

எழுத்தை மாற்றும் வேலையில் எங்கே நிற்கிறேன், ஏன் நின்றேன், எதை இழந்தேன் என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்வதுதான் இந்தச் செயற்கூறின் குணம். அதன் உறுப்பு ஒவ்வொன்றும் அந்தக் குணத்திலிருந்தே பிறந்திருக்கிறது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துச் சுவைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த வேலையில் உள்ள சிக்கலைப் பார்ப்போம். கணினிக்குள் எழுத்து கிடையாது, பைட்டுகள்தான் உண்டு. 184 என்ற எண் கொண்ட ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழ் பெரிதும் நம்பியிருந்த திஸ்கி குறியேற்றத்தில் அது ‘க’. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியேற்றத்தில் அதே 184, எழுத்தின் அடியில் தொங்கும் செடில்லா என்ற சிறு கொக்கி. யூனிகோடில் ‘க’வின் எண் 2965. அதை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 224, 174, 149 என்று மூன்று பைட்டுகள். இந்த எண்களைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்டால் அவை பதில் சொல்லாது. எந்தக் குறியேற்றம் என்ற செய்தி பைட்டுகளுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் ஐகான்வ் எதையும் ஊகிப்பதில்லை. திறக்கும் செயற்கூறான ஐகான்வ்-ஓப்பன் இரண்டு பெயர்களைக் கேட்கிறது. எதற்கு மாற்ற வேண்டும் என்பது முதலில், எதிலிருந்து என்பது இரண்டாவது. புதிதாகப் படிப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சி மொழியின் பழைய வழக்கமே அதுதான். மதிப்பைப் பெறும் மாறி சமக்குறிக்கு இடப்பக்கம் நிற்கிறது; மெம்காப்பியிலும் எஸ்டிஆர்காப்பியிலும் சேருமிடம் முதலில் வருகிறது. திறக்கும்போது அந்த வழக்கத்தைப் பின்பற்றுகிற இந்தக் குடும்பம், மாற்றும் வேலையைத் தொடங்கியதும் உள்ளே வருவதை முன்னும் வெளியே போவதை அடுத்தும் வைக்கிறது. பெயர் சொல்லும் இடத்தில் மொழியின் வழக்கம், ஓட்டம் நடக்கும் இடத்தில் ஓட்டத்தின் திசை. கேட்ட மாற்றம் கைவசம் இல்லையென்றால் திறக்கும்போதே இல்லை என்று சொல்லிவிடும். பாதி வழியில் கைவிடும் பழக்கம் அதற்கு இல்லை.

மாற்றும் செயற்கூறு ஐந்து உறுப்புகளை வாங்கிக்கொள்கிறது. முதலாவது, திறந்தபோது கிடைத்த கைப்பிடி. மற்ற நான்கும் இரண்டு இணைகள்: உள்ளே வரும் உரையின் இடமும் அதில் மீதியுள்ள பைட் கணக்கும், வெளியே எழுத வேண்டிய இடமும் அங்கே மீதியுள்ள பைட் கணக்கும். இந்த நான்கையும் செயற்கூறு வெறும் மதிப்பாக வாங்குவதில்லை, பாயிண்டர் வழியாக வாங்குகிறது. இடமே பாயிண்டர் என்பதால், அது பாயிண்டருக்குப் பாயிண்டர் ஆகிறது. சி மொழி கற்பவரை முதலில் மிரட்டுவது இந்த இரட்டை நட்சத்திரம். இங்கே அதன் பொருளோ மிகத் தெளிவு. உன் இடத்தை என்னிடம் கொடு, வேலை முடிந்ததும் நான் எங்கே வந்து நின்றேன் என்பதை உன்னுடைய பாயிண்டரிலேயே எழுதி வைக்கிறேன் என்கிறது செயற்கூறு. ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் உள்பாயிண்டர் படித்த அளவுக்கு முன்னே நகர்ந்திருக்கும், உள்மீதி அதே அளவுக்குக் குறைந்திருக்கும். வெளிப்பக்கமும் அப்படியே. வரவும் செலவும் எப்போதும் நேராகும். அழைத்தவர் தனியாக எதையும் எண்ண வேண்டியதில்லை.

மீதி என்பதைப் பைட்டில் சொல்கிறார்கள், எழுத்தில் அல்ல. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சி மொழியின் சரங்கள் பூஜ்யப் பைட்டில் முடிகின்றன; எஸ்டிஆர்லென் அதை வைத்துத்தான் நீளம் அளக்கிறது. யூடிஎஃப்-16 முறையில் எழுதிய தமிழ் வாக்கியத்தை எஸ்டிஆர்லென்னிடம் கொடுத்தால் முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும். இடைவெளியின் எண் 32. அதை இரண்டு பைட்டாக எழுதும்போது ஒரு பைட் பூஜ்யம். ஐகான்வ் பூஜ்யத்தைத் தேடுவதே இல்லை. நீளத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பூஜ்யமும் அதற்கு மற்றொரு எழுத்துத்தான். எந்தக் குறியேற்றத்தின் குணத்தையும் மற்றொன்றின் மேல் திணிக்காமல் இருக்க இந்த ஒரு முடிவு போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்து, நிற்கும் இடங்கள். ஐகான்வ் வேலையை முடிக்காமல் நிற்க மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மூன்று பெயர்கள்.

முதலாவது ஈ-2-பிக். வெளியே எழுத இடம் போதவில்லை. குறியேற்றம் மாறும்போது உரை எவ்வளவு வீங்கும் என்பதைத் தமிழைக் கொண்டே காட்டலாம். திஸ்கியில் ‘கு’ ஒரே பைட். யூனிகோடில் அது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள்; யூடிஎஃப்-8இல் ஆறு பைட்டுகள். திஸ்கியில் ‘ஸ்ரீ’யும் ஒரே பைட்தான். யூனிகோடில் அது ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று நான்காக விரிந்து, யூடிஎஃப்-8இல் பன்னிரண்டு பைட்டுகளைப் பிடிக்கிறது. முன்கூட்டியே சரியான அளவு சொல்வது கடினம். ஐகான்வ் அதற்காகக் கலங்குவதில்லை. இடம் தீர்ந்ததும் நிற்கும். அதுவரை எழுதியது முழுமையாக இருக்கும். பாயிண்டர்கள் சரியான இடத்தில் இருக்கும். எழுதியதை வெளியேற்றிவிட்டோ பஃபரைப் பெரிதாக்கியோ மறுபடி அழைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெயர் பிழையின் பெயர்தான், ஆனால் நடப்பது ஓய்வு.

இரண்டாவது ஈ-இன்வால். உள்ளே வந்த பைட்டுகள் ஓர் எழுத்தின் நடுவில் தீர்ந்துவிட்டன. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோப்பை 4096 பைட் 4096 பைட்டாகப் படிப்பது வழக்கம். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளின் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட். இடைவெளியே இல்லாத தமிழ் என்று வைத்துக்கொண்டால் 1365 குறியெண்கள் 4095 பைட்டுகளில் அடங்கும். மீதி ஒரு பைட், 1366ஆவதன் தலை மட்டும். அவசரக்காரச் செயற்கூறாக இருந்தால் இதைக் கெட்டுப்போன எழுத்து என்று சொல்லி ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போயிருக்கும். கணினித் திரையில் நாம் பார்க்கும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி பல, இப்படி நடுவில் வெட்டுப்பட்ட எழுத்துகளின் தழும்புகளே. ஐகான்வ் அந்த ஒற்றைப் பைட்டைத் தொடுவதில்லை. உள்பாயிண்டரை அதன் மேலேயே நிறுத்தி, உள்மீதியை ஒன்று என்று வைத்துத் திருப்பித் தருகிறது. அந்த மீதியைப் பஃபரின் தலைமாட்டுக்கு நகர்த்தி, பின்னால் புதிய பைட்டுகளைப் படித்து நிரப்பி, மறுபடி அழைத்தால் எழுத்து முழுசாகப் பிறக்கும்.

மூன்றாவது ஈ-இல்-சீக். இது உண்மையான கேடு. இந்தக் குறியேற்றத்தில் இப்படியொரு பைட் தொடர் இருக்கவே முடியாது என்பது பொருள். யூடிஎஃப்-8இல் 192, 193, 245 முதல் 255 வரையிலான பைட்டுகள் எங்குமே வரக் கூடாது; வந்தால் ஐகான்வ் நிற்கும். அப்போதும் உள்பாயிண்டர் தவறான தொடரின் முதல் பைட்டில் நிற்கிறது, அதைத் தாண்டி அல்ல. கோப்பின் எத்தனையாவது பைட்டில் கேடு இருக்கிறது என்பதை ஒரு கழித்தலில் சொல்லிவிடலாம். அங்கே என்ன செய்வது என்ற முடிவு அழைத்தவருடையது. தாவலாம், மாற்றுக்குறி வைக்கலாம், கோப்பையே மறுக்கலாம். உரையின் சொந்தக்காரர் எடுக்க வேண்டிய முடிவைச் செயற்கூறு எடுப்பதில்லை.

முற்றுப்பெறாததையும் தவறானதையும் இப்படித் தனித்தனிப் பெயரில் பிரித்து வைத்தவர்களின் நிதானத்தை எண்ணிப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே பிழையாகச் சொல்லியிருந்தால் சிற்றோடைபோல் வந்துகொண்டிருக்கும் உரையைத் துண்டு துண்டாக மாற்றும் வழியே அடைபட்டிருக்கும்.

இனி, இந்தச் செயற்கூறின் மணிமுடி. வெற்றியாக முடிந்தால் ஐகான்வ் திருப்பித் தரும் எண் எதைக் குறிக்கிறது? எத்தனை எழுத்தை மாற்றினேன் என்பதை அல்ல. எத்தனை பைட் எழுதினேன் என்பதையும் அல்ல. பைட் கணக்கு பாயிண்டரிலேயே இருக்கிறது. திரும்பப் பழையபடி ஆக்க முடியாத மாற்றங்கள் எத்தனை நடந்தன என்பதைத்தான் அது சொல்கிறது. நகைக்கடையில் பழைய தங்கத்தை உருக்கிப் புது நகை செய்யும்போது ரசீதில் சேதாரம் என்று ஒரு வரி போடுவார்களே, அந்த வரி இது. பூஜ்யம் வந்தால் கொடுத்த பொன் அப்படியே இருக்கிறது. புதிய வடிவத்திலிருந்து பழையதை எழுத்துக்கு எழுத்து மீட்டுவிடலாம்.

ஓர் உதாரணம். கிளிப்சி என்ற சி நூலகத்தில் சேருமிடக் குறியேற்றத்தின் பெயரோடு டிரான்ஸ்லிட் என்ற பின்னொட்டைச் சேர்த்தால், அங்கே இல்லாத எழுத்துக்கு நெருக்கமான ஒன்றை வைத்துத் தரும். ஆஸ்கிக்கு மாற்றும்போது யூரோ குறி, இ-யு-ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளாகும். படிப்பவருக்குப் பொருள் புரியும். ஆனால் அந்த மூன்று எழுத்தும் முதலில் குறியாக இருந்தனவா, யாரோ மூன்று எழுத்தாகவே தட்டியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. திரும்பும் எண்ணில் ஒன்று கூடுகிறது. பின்னொட்டு இல்லாமல் கேட்டால், உள்ளே வந்த தொடர் சரியாகவே இருந்தாலும், கிளிப்சி அந்த இடத்தில் நின்று அதே ஈ-இல்-சீக் பெயரைச் சொல்லிவிடும். மசில் என்ற இன்னொரு சி நூலகம் நிற்பதில்லை. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை வைத்துவிட்டுத் தொடர்கிறது, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. அங்கே அந்த எண் ஒன்றுதான் நடந்த இழப்புக்குச் சாட்சி. அதைப் படிக்காத நிரல், இழப்பையே அறியாத நிரல்.

அடுத்த நயம், கைப்பிடிக்குள் இருக்கும் நினைவு. சில குறியேற்றங்களில் ஒரு பைட்டின் பொருள் அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய மின்னஞ்சல்களில் நெடுங்காலம் வழங்கிய ஐஎஸ்ஓ-2022-ஜேபி அப்படிப்பட்டது. 36, 34 என்ற இரண்டு பைட்டுகள் ஆஸ்கி நிலையில் டாலர் குறியும் மேற்கோள் குறியும். 27, 36, 66 என்ற மூன்று பைட்டுகள் முன்னால் வந்துவிட்டால் நிலை மாறுகிறது. பிறகு அதே 36, 34 சேர்ந்து ஹிராகனா ‘அ’ என்ற ஒரே எழுத்தாகும். மறுபடி ஆஸ்கிக்குத் திரும்ப 27, 40, 66. உரை ஜப்பானிய எழுத்தில் முடிந்தால், கடைசியில் அந்தத் திரும்பும் மூன்று பைட்டுகளையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒட்டப்படும் ஆங்கில உரை குழம்பிப்போகும். ஆனால் உரை முடிந்துவிட்டது என்று செயற்கூறுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டும் அதற்குத் துண்டாகத்தான் தெரியும். இதற்கு வைத்த வழி மிக எளிமையானது. உள்பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பாயிண்டரைக் கொடுத்து ஒருமுறை அழைக்க வேண்டும். இனி வருவதற்கு ஒன்றும் இல்லை என்பதை ஒன்றும் இல்லாததைக் கொடுத்தே சொல்கிறோம். கைப்பிடிக்குள் தேங்கியிருந்தது வெளியே வந்துவிடும், நிலை தொடக்கத்துக்குத் திரும்பும்.

இந்த நினைவு தமிழுக்கும் தேவைப்படுகிறது. ‘கொ’ என்ற எழுத்தைத் திஸ்கி, கண் பார்க்கும் வரிசையில் வைக்கிறது. முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால்: 166, 184, 161. யூனிகோடு, வாய் சொல்லும் வரிசையில் வைக்கிறது. ககரம் 2965, அடுத்து ஒகரக் குறி 3018. மாற்றுபவர் 166ஐப் பார்த்தவுடன் எதையும் எழுதிவிட முடியாது. ககரம் வந்த பிறகும் கொம்பை எழுத முடியாது. அடுத்து கால் வந்தால் அது ‘கொ’. ஔகார நீட்டக் குறியான 170 வந்தால் ‘கௌ’. இரண்டும் இல்லையென்றால் வெறும் ‘கெ’. மூன்றாவது பைட்டைப் பார்க்காமல் முதல் பைட்டின் பொருள் உறுதியாகாது. துண்டு ககரத்தோடு முடிந்துவிட்டால்? இடைமுகம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. கொம்பைக் கைப்பிடிக்குள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அல்லது பைட்டுகளைத் தின்னாமலே விட்டு, முற்றுப்பெறவில்லை என்று ஈ-இன்வால் சொல்லலாம். அழைப்பவர் எழுதிய சுற்று ஒழுங்காக இருந்தால் இரண்டு வழியும் ஒரே விடையைத் தரும். திஸ்கியின் அமைப்பைப் பற்றி ஏதும் அறியாத ஒரு நிரல்கூட, ஐகான்வின் நெறியைப் பின்பற்றினால் போதும், ‘கொ’வைப் பிளக்காமல் கொண்டுசேர்த்துவிடும்.

கிளிப்சி நூலகத்துக்குத் திஸ்கி தெரியும் என்பதைத் தமிழ் நிரலாளர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். லினக்ஸ் கட்டளை வரியிலேயே ஐகான்வுக்குத் திஸ்கி என்ற பெயரைச் சொல்லி மாற்றலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு வந்தது. அந்தக் காலத்தில் தட்டெழுதிச் சேர்த்த கோப்புகள் இன்னும் பலரது வட்டுகளில் தூங்குகின்றன. அவற்றை எழுப்ப வேண்டியவர் புதிதாக ஒரு மாற்றியை எழுதத் தொடங்க வேண்டியதில்லை. கொம்பும் காலும் இடம் மாறும் அந்த நுட்பம் ஏற்கெனவே சி மொழியில் எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களோடு நடமாடும் நூலகத்தில் இருக்கிறது.

நினைவைக் கைப்பிடிக்குள் வைத்ததன் அருமை, சி மொழியின் சொந்தச் செயற்கூறுகளோடு ஒப்பிட்டால் விளங்கும். தொடக்கத்தில் அம்மொழி கொடுத்த எம்பிடிஓடபிள்யூசி, பல பைட் எழுத்தை அகல எழுத்தாக்கும். ஆனால் நிலையை எங்கோ மறைவில், எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்தது. இரண்டு உரைகளை மாறி மாறிப் படித்தால் ஒன்றின் நிலை மற்றொன்றில் கலந்துவிடும். 1995இல் வந்த தரத் திருத்தம் அதைச் சீர்செய்தது. எம்பிஆர்டிஓடபிள்யூசி என்ற புதிய செயற்கூறு, நிலையை அழைப்பவர் கையிலேயே கொடுத்தது. அதன் விடைகளிலும் ஒரு நயம் இருக்கிறது. தவறான தொடருக்கு -1, முற்றுப்பெறாததற்கு -2. 2011ஆம் ஆண்டுத் தரம் யூடிஎஃப்-16க்கான செயற்கூறைச் சேர்த்தபோது -3 வந்தது. சில எழுத்துகளுக்கு யூடிஎஃப்-16இல் இரண்டு அலகுகள் தேவை. முதல் அலகைக் கொடுத்த அழைப்பிலேயே உள்பைட்டுகள் தீர்ந்துவிடும். அடுத்த அழைப்பில் எதையும் புதிதாகப் படிக்காமலே இரண்டாவது அலகு வரும். அதைச் சொல்லத்தான் -3. குறையெண்ணே இல்லாத வகையில் இந்தக் குறையெண்களைப் போட்டால் அவை மிகப் பெரிய எண்களாகின்றன. எந்த எழுத்தின் நீளமும் அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது என்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்த வேலையை எளிதாக்கிய குறியேற்றத்தைப் பாராட்டாமல் விட முடியாது. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் கணினி அறிஞர்கள் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசை விரிப்புத் தாளில் தாம்ப்சன் பைட் அமைப்பை வரைந்து யூடிஎஃப்-8ஐ வகுத்தார். அதன் பெருமை முழுவதும் ஒரு பைட்டைத் தனியே பார்த்தாலே தெரிவதில் இருக்கிறது. 128க்குக் கீழே என்றால் ஆஸ்கி. 128 முதல் 191 வரை என்றால் இது எழுத்தின் நடுப்பகுதி, தலை இங்கே இல்லை. 194 முதல் 244 வரை என்றால் தலை, எத்தனை பைட் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. கோப்பின் நடுவில் எங்கே போய் விழுந்தாலும், அதிகம் போனால் மூன்று பைட் பின்னால் நகர்ந்தால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். பூஜ்யப் பைட் வேறெந்த எழுத்துக்குள்ளும் வராது என்பதால் சி மொழியின் பழைய சரங்கள் அப்படியே செல்லுபடியாகின்றன. பைட் வரிசைப்படி ஒப்பிட்டாலே யூனிகோடு எண்களின் வரிசை கிடைக்கிறது. சரங்களை ஒப்பிடும் எஸ்டிஆர்சிஎம்பி தன்னை அறியாமலே யூனிகோடு கற்றுக்கொண்டுவிட்டது.

தமிழ் அதில் உட்கார்ந்திருக்கும் விதமும் பார்க்க இனியது. தமிழ் எழுத்துகளின் குறியெண் ஒவ்வொன்றும் 224இல் தொடங்குகிறது. இரண்டாவது பைட் 174 அல்லது 175. உயிரும் மெய்வரிசையும், ஆகார இகரக் குறிகளும் 174இன் வீட்டில். ஈகாரக் குறி முதற்கொண்டு மற்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் தமிழ் எண்களும் 175இன் வீட்டில். ‘கொ’வின் ஆறு பைட்டுகளில் இரண்டு வீடும் வந்துவிடுகின்றன: 224, 174, 149, 224, 175, 138.

ஐகான்வை அழைக்கும் நிரல்களில், அது பாதியில் நின்றுவிட்டதைச் சொல்லும் -1தானா விடை என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போவதே வழக்கமாக இருக்கிறது. அது பாதிப் படிப்பு. -1 இல்லை என்றால் மாற்றம் நின்றுவிடவில்லை என்றுதான் பொருள். எதுவும் இழக்கவில்லை என்று பொருள் அல்ல. பழைய உரைகளை இன்றைய குறியேற்றத்துக்குக் கொண்டுவருபவர்கள், நூலகங்களின் மின்னாவணங்களை மாற்றுபவர்கள் எல்லோரும் அந்த எண்ணைக் கோப்புக்குக் கோப்பு எழுதி வைக்க வேண்டும். பூஜ்யம் என்றால் மூலத்தை எந்த நாளிலும் மீட்கலாம். பூஜ்யம் இல்லையென்றால் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். இந்தத் தீர்ப்பை எடுக்கத் தேவையான ஒரே எண்ணைக் கேட்காமலே கையில் கொடுக்கும் செயற்கூறை, அதை வாங்கிப் படிப்பதன் மூலமே முறையாகப் பாராட்ட முடியும்.